ரோட் ஐலண்டில் ஒரே ஒரு பந்தயச் செயலி: மாநில அரசே பந்தயம் நடத்துகிறதா?

ரயில்பயணி (பிராவிடன்ஸ்), 2024 நவம்பர் 9

அனைவருக்கும் வணக்கம். நான் மூன்று ஆண்டுகளாக அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிராவிடன்ஸில் வசிக்கிறேன். வாரத்தில் நான்கு நாட்கள் ரயிலில் பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் உள்ள பாஸ்டனுக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். கடந்த செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கியபோது, அலுவலக நண்பர்கள் சொல்லக் கேட்டு, ரோட் ஐலண்டின் விளையாட்டுப் பந்தயச் செயலியில் கணக்குத் தொடங்கினேன். ஒரு ஆட்டத்துக்குப் பத்து அல்லது இருபது டாலர்தான் கட்டுகிறேன். வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

கடந்த வியாழக்கிழமை பால்டிமோருக்கும் சின்சினாட்டிக்கும் இடையிலான ஆட்டம் இரவு எட்டேகாலுக்குத் தொடங்க இருந்தது. அன்று வேலை முடியத் தாமதமாகிவிட்டதால், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நான் ரயிலில் இருந்தேன். செயலியைத் திறந்தால், மாநில எல்லைக்கு வெளியே இருப்பதால் பந்தயம் ஏற்க இயலாது என்ற செய்திதான் வந்தது. ஆட்டில்பரோவைத் தாண்டிச் சில நிமிடங்களில், பாடக்கெட் நிலையம் வருவதற்குச் சற்று முன்பு, பூட்டுத் திறந்தது. அதற்குள் விகிதங்கள், அதாவது வென்றால் எவ்வளவு கிடைக்கும் என்ற விலைகள், மாறிவிட்டிருந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் மாசசூசெட்ஸில் வசிப்பவர், அன்று என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். என் செயலி திறந்த அதே இடத்தில் அவருடைய செயலி பூட்டிக்கொண்டது. தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு ஓடுவதை அன்றுதான் உணர்ந்தேன்.

அதிலிருந்து சில ஐயங்கள் மனத்தில் இருக்கின்றன. அவருடைய கைப்பேசியில் ஐந்தாறு நிறுவனங்களின் செயலிகள் இருக்கின்றன. ஒரே ஆட்டத்துக்கு எங்கே நல்ல விகிதம் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டுகிறார். எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. இவ்வளவு சிறிய மாநிலத்தில் ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? வருவாயில் 51 விழுக்காடு மாநில அரசுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அது வரியா, அல்லது அரசே இத்தொழிலில் பங்குதாரராக இருக்கிறதா? ரோட் ஐலண்ட் முகவரி உள்ள நான் மாசசூசெட்ஸில் இருக்கும் நேரத்தில் அங்குள்ள செயலிகளில் பந்தயம் கட்டலாமா? என்னுடன் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் மாணவர் விசாவில் படிக்கிறார். அவரும் கணக்குத் தொடங்க விரும்புகிறார். வரி முதலியவற்றில் அவருக்குத் தனிச் சிக்கல் ஏதேனும் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

லிங்கன்வாசி, 2024 நவம்பர் 9

வணக்கம். பதினாறு ஆண்டுகளாக இம்மாநிலத்தில் இருக்கிறேன். இந்தச் சட்டம் உருவானபோது நாள்தோறும் செய்திகளைப் பின்தொடர்ந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கள் கேள்விகளில் மிக முக்கியமானது, அரசு வரி வாங்குகிறதா அல்லது தொழிலே நடத்துகிறதா என்பதுதான். அரசுதான் நடத்துகிறது. ரோட் ஐலண்டின் அரசியலமைப்பு, மாநிலமே நடத்தும் லாட்டரியைத் தவிர வேறு லாட்டரிகளுக்குத் தடை விதித்திருக்கிறது. சூதாட்டத்தின் வகையையோ இடத்தையோ விரிவாக்க வேண்டுமானால் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே, 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தடைச் சட்டத்தை நீக்கி, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்று அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தபோது, நம் மாநிலம் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து வரி வாங்கும் வழியில் போகவில்லை. மாநில லாட்டரித் துறையையே பந்தயத்தின் நடத்துநராக வைத்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே, ஆளுநர் ஜினா ரைமொண்டோ கையெழுத்திட்ட நிதிநிலைச் சட்டத்துக்குள் இதுவும் சேர்க்கப்பட்டுவிட்டது. தொழில்நுட்பத்துக்கு ஐ.ஜி.டி நிறுவனம், விகிதங்களை நிர்ணயிக்க வில்லியம் ஹில் நிறுவனம், இடத்துக்கு அன்று ட்வின் ரிவர் என்றும் இன்று பாலிஸ் என்றும் அழைக்கப்படும் சூதாட்டக் கூடம் என ஏற்பாடு அமைந்தது. கிடைக்கும் வருவாயில் மாநிலத்துக்கு 51 விழுக்காடும் ஐ.ஜி.டி தரப்புக்கு 32 விழுக்காடும் கூடத்துக்கு 17 விழுக்காடும் போகின்றன.

இங்கே வருவாய் என்பது மக்கள் கட்டும் மொத்தப் பணத்தைக் குறிப்பதில்லை. வென்றவர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் தொகையே வருவாய். வேறு சொற்களில் சொன்னால், பந்தயம் கட்டியவர்கள் இழந்த பணம். அதில் பாதிக்குச் சற்று மேல் மாநிலக் கருவூலத்துக்குச் செல்கிறது. மாசசூசெட்ஸில் இணையவழிப் பந்தய வருவாயின் மீது 20 விழுக்காடு வரி. கனெக்டிகட்டில் 13.75 விழுக்காடு. மாசசூசெட்ஸில் அரசு வெளியே நின்று வரி வாங்குகிறது, இங்கே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது.

அப்படி உட்கார்ந்திருப்பதால் நட்டமும் அரசைச் சேரும் என்பதை முதல் ஆண்டிலேயே பார்த்தோம். லிங்கனில் உள்ள கூடத்தில் 2018 நவம்பர் 26 அன்று நேரடிப் பந்தயம் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியை 13–3 என்று வென்றது. இங்குள்ளவர்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த அணியின் மீதே கட்டியிருந்ததால், அந்த ஒரே ஆட்டத்தில் மாநிலத்தின் பந்தயக் கணக்கு 20 லட்சம் டாலருக்கும் அதிகமாக இழந்தது. பெரிய மாநிலத்தில் எதிரணி ரசிகர்களும் கணிசமாக இருப்பதால் இரு பக்கமும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். 11 லட்சம் பேர் வசிக்கும், ஒரே அணியை நேசிக்கும் மாநிலத்தில் அந்த ஈடுகட்டல் கிடைப்பதில்லை. முதல் நிதியாண்டில் 2.35 கோடி டாலர் வரும் என்று நிதிநிலை அறிக்கையில் எழுதியிருந்தார்கள். உண்மையில் வந்தது அதைவிட மிகக் குறைவு.

கைப்பேசிச் செயலி 2019 செப்டம்பர் 4 அன்று தொடங்கியது. அதற்காக அந்த ஆண்டு தனியாக ஒரு சட்டத் திருத்தம் செய்தார்கள். அதன் நுணுக்கம் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. தாங்கள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கட்டினாலும், பந்தயத்தை ஏற்கும் கணினி லிங்கன் கூடத்தில் இருப்பதால், அந்தப் பந்தயம் லிங்கனில் கட்டப்பட்டதாகவே சட்டம் கருதும். லிங்கனில் கூடம் நடத்த 2012லும் டிவர்டனில் நடத்த 2016லும் மக்கள் வாக்களித்து ஒப்புதல் கொடுத்துவிட்டதால், விளையாட்டுப் பந்தயத்துக்கு மீண்டும் வாக்கெடுப்பு தேவையில்லை என்பது அரசின் வாதம். இதை எதிர்த்து ஒரு வழக்கும் நடந்தது. 2020இல் நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டப்படி அது முடிந்த விஷயம். ஆனால் 2012இல் வாக்குச்சாவடியில் நின்ற என் பக்கத்து வீட்டுக்காரர், தன் மகன் படுக்கையில் படுத்தபடி பந்தயம் கட்டுவதற்குத்தான் ஒப்புதல் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்பாரா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

முதலில் கணக்குத் தொடங்க நேரில் கூடத்துக்குப் போய் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில், அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். லிங்கன் வரை வண்டி ஓட்டிப் போக வேண்டும் என்ற அந்தச் சிறு தடையே பலரை யோசிக்க வைத்தது என்பது என் கருத்து.

ஒரே நடத்துநர் என்பது நம் மாநிலத்துக்கு மட்டும் உரியதன்று. நியூ ஹாம்ப்ஷயர் ஏலம் விட்டு, 2019 டிசம்பர் 30 முதல் டிராஃப்ட்கிங்ஸ் நிறுவனத்துக்கு மட்டும் இணையவழி உரிமை தந்தது. அங்கும் மாநிலத்தின் பங்கு 51 விழுக்காடுதான். டெலவேர் 1976லேயே லாட்டரி வழியாகக் கால்பந்துப் பந்தயம் நடத்திப் பார்த்த மாநிலம். 2018 ஜூன் 5 அன்று நெவாடாவுக்கு வெளியே முதன்முதலில் முழுமையான பந்தயத்தைத் தொடங்கியதும் அதுவே. இருந்தும் அங்கே கைப்பேசிப் பந்தயம் 2023 டிசம்பர் இறுதியில்தான், அதுவும் ஒரே நிறுவனத்துடன், வந்தது. சிறிய மாநிலத்தின் சந்தை பத்து நிறுவனங்களை ஈர்க்கும் அளவுக்குப் பெரிதில்லை. எனவே, ஒருவருக்கு முழுச் சந்தையையும் கொடுத்து, அதற்கு விலையாகப் பெரிய பங்கைக் கேட்பது அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. வெர்மாண்ட் இதற்கு இடைப்பட்டது. சூதாட்டக் கூடமே இல்லாத அம்மாநிலம் 2024 ஜனவரி 11 முதல் மூன்று நிறுவனங்களை அனுமதித்திருக்கிறது.

தங்கள் மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: கட்டலாம். பந்தயம் கட்டும் நொடியில் தங்கள் உடல் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதே கணக்கு, முகவரி எங்கே என்பதன்று. 1961ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தந்திச் சட்டம் மாநில எல்லை தாண்டி விளையாட்டுப் பந்தயத்தைக் கடத்துவதைத் தடுப்பதால்தான் ரயிலில் அந்தக் கோட்டைத் தாண்டியதும் பூட்டு விழுகிறது. கட்டிய பந்தயம் வென்றால் பணத்தை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இடத்தை மறைக்கும் மென்பொருளை மட்டும் ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். கணக்கு முடக்கப்படும்.

விகிதக்கணக்கு, 2024 நவம்பர் 10

லிங்கன்வாசி ஐயா சட்டத்தை மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒரே செயலி இருப்பதால் தங்கள் பையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

பந்தயத்தில் நுழைவுக் கட்டணம் என்று எதுவும் தனியாகக் கேட்பதில்லை. கட்டணம் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. இரு அணிகளும் சமபலம் என்ற நிலையில், வழக்கமான விலை மைனஸ் 110. அதாவது 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டும். இருவர் எதிரெதிரே 110 டாலர் கட்டினால் கல்லாவில் 220 சேரும். வென்றவருக்கு 210 கொடுத்துவிட்டு 10 டாலர் மிஞ்சும். அந்த 10 டாலர்தான் கட்டணம், ஏறக்குறைய நான்கரை விழுக்காடு. இந்த விலையில் கைமுதல் கரையாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 முறை சரியாகக் கணிக்க வேண்டும். விலை மைனஸ் 115 ஆனால் 53.5 முறையும், மைனஸ் 120 ஆனால் 54.5 முறையும் கணிக்க வேண்டும். கேட்பதற்கு இது சிறு வேறுபாடாகத் தோன்றும். ஆனால் ஆண்டு முழுவதும் இதையே தொழிலாகச் செய்பவர்கள்கூட 55ஐத் தொட்டால் பெருமைப்படுவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பல செயலிகள் இருக்கும் இடத்தில், ஒன்றில் மைனஸ் 115 இருந்தால் இன்னொன்றில் 108 கிடைக்கக்கூடும். தங்கள் ரயில் நண்பர் செய்யும் ஒப்பீட்டின் பயன் அதுதான். ஒரே செயலி இருக்கும் இடத்தில் விலை நன்றாக இருந்தாலும் அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பக்கத்தில் வேறு விலை இல்லை. நான் கட்டாவிட்டாலும் பிற மாநிலங்களில் வெளியாகும் விலைகளைப் பார்த்துவிட்டே இங்கு முடிவெடுக்கிறேன். பார்ப்பதற்கு எல்லை கிடையாது.

ஆனால் செயலிகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. நான்கு ஆட்டங்களைச் சேர்த்து, நான்கும் வென்றால் மட்டுமே பணம் என்று கட்டும் கூட்டுப் பந்தயத்தைச் சொல்கிறேன். நான்கும் சமவாய்ப்பு ஆட்டங்கள் என்றால், நான்கும் வெல்வதற்கான வாய்ப்பு பதினாறில் ஒன்று. மைனஸ் 110 விலையில் நான்கைப் பெருக்கினால், ஒரு டாலருக்கு 13 டாலர் 28 சென்ட்தான் திரும்பி வரும். பதினாறு வர வேண்டிய இடத்தில் பதின்மூன்றேகால். நூறு டாலருக்குப் பதினேழு டாலர் கட்டணம் என்று பொருள். தனிப் பந்தயத்தில் நான்கரையாக இருந்தது, நான்கு முறை தன்மேலேயே ஏறிப் பதினேழாகிவிட்டது. பத்து டாலரைப் போட்டு நூற்று முப்பது எடுக்கலாம் என்ற ஆசைக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கட்டும் பந்தயங்களிலும் கட்டணம் பொதுவாகக் கூடுதல். ரயிலில் பூட்டு விழுந்ததால் தாங்கள் இழந்தது ஒன்றுமில்லாமலும் இருக்கலாம்.

செயலியில் கணக்கு வரலாறு என்ற பகுதி இருக்கும். தனிப் பந்தயங்களையும் கூட்டுப் பந்தயங்களையும் பிரித்து, கட்டியது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ரயில்பயணி, 2024 நவம்பர் 10

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அரசு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது என்ற விளக்கம் எனக்கு இதுவரை யாரும் சொல்லாதது. இன்றிரவு அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறேன். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் எல்லைக்கு அப்பால் உள்ள சீகாங்க் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்பதால், மாசசூசெட்ஸ் செயலிகளிலும் கணக்குத் தொடங்கிவிட்டால் ஒப்பிட்டுக் கட்ட வசதியாக இருக்குமே என்று தோன்றுகிறது. அதில் வேறு ஏதேனும் கவனிக்க வேண்டியது உண்டா?

கிரான்ஸ்டன்அக்கா, 2024 நவம்பர் 10

தம்பி, சீகாங்க் என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த விஷயத்தை நான் வெளியில் அதிகம் பேசியதில்லை.

என் உடன்பிறந்த தம்பி பாடக்கெட்டில் வசிக்கிறான். 2022 இறுதியில் அவனுடைய கடன் அட்டைகள் இரண்டும் நிரம்பிவிட்டன என்று தெரிந்தபோதுதான் அவன் பந்தயம் கட்டுவது எங்களுக்குத் தெரிந்தது. அவன் மறைக்கவில்லை, அழுதான். நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, ரோட் ஐலண்டின் சுயவிலக்குப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்த்தோம். என்னை இனிப் பந்தயம் கட்ட அனுமதிக்காதீர்கள் என்று ஒருவர் தாமே எழுதிக் கொடுத்தால், அவருடைய கணக்கை மூடி, புதிய கணக்கும் தொடங்கவிடாமல் தடுக்கும் ஏற்பாடு அது. ஒரே செயலி என்பதால் ஒரே கையெழுத்தில் மாநிலம் முழுவதும் கதவு அடைந்தது. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஒரே ஒரு செயலி இருப்பதை எல்லோரும் குறை சொல்கிறார்கள், எங்களுக்கு அதுவே வரமாக இருந்தது.

அந்த நிம்மதி சில மாதங்கள்தான் நீடித்தது. 2023 மார்ச் 10 அன்று மாசசூசெட்ஸில் கைப்பேசிப் பந்தயம் தொடங்கியது. ஒவ்வொரு மாநிலத்தின் சுயவிலக்குப் பட்டியலும் தனித்தனி. இங்கே கொடுத்த கையெழுத்து அங்கே செல்லாது. அந்தக் கோடையில் அவன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். மாலையானால் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்புவான். முதலில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியைத் துடைக்கத் திறந்தால், உள்ளே நான்கு பால் கேன்கள், அவற்றில் மூன்று பிரிக்கப்படாதவை. ரசீதுகள் அவனுடைய காரின் கதவு இடுக்கில் கிடந்தன. எல்லாமே சீகாங்கில் உள்ள ஒரே கடையின் ரசீதுகள். அந்தக் கடையின் கார் நிறுத்துமிடத்தில், இன்ஜினை அணைக்காமல், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கட்டிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்பதற்காகப் பால் வாங்கி வந்திருக்கிறான்.

இதில் எந்த அலுவலகத்தையும் நான் குற்றம் சொல்லவில்லை. இரு மாநிலங்களும் தத்தம் சட்டப்படிதான் நடந்தன. ஆனால், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மாநிலத்தில், எல்லையோடு முடிந்துபோகும் பாதுகாப்பு எத்தனை பேரைக் காக்கும்? டெக்சஸில் நடுவில் இருப்பவன் எல்லையை அடையப் பல மணி நேரம் ஓட்ட வேண்டும், போகும் வழியில் மனம் மாறக்கூடும். இங்கே மனம் மாறுவதற்கு நேரமில்லை. பந்தயப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மாநிலங்கள், விலகுவோர் பட்டியலையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு இரண்டு முறை எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன்.

பிறகு மாசசூசெட்ஸ் பட்டியலிலும் கனெக்டிகட் பட்டியலிலும் அவனே பெயர் கொடுத்தான். வங்கியில் பேசி, பந்தய நிறுவனங்களுக்குப் பணம் போவதைத் தடுத்தோம். 1-800-426-2537 என்ற தேசிய உதவி எண்ணில் பேசியவர் ஆலோசகரிடம் வழிகாட்டினார். தாங்கள் என் தம்பியைப் போன்றவர் என்று நான் சொல்லவில்லை. பத்து இருபது டாலரோடு நிற்பவர்கள் ஏராளம். மாசசூசெட்ஸில் கணக்குத் தொடங்குவதானால், முதல் பந்தயத்துக்கு முன்பே வாரத்துக்கு எவ்வளவு பணம் போடலாம் என்ற வரம்பை ஒவ்வொரு செயலியிலும் அமைத்துவிடுங்கள். ஐந்து செயலிகளில் தலைக்கு ஐம்பது என்று வைத்தால் அது ஐம்பது இல்லை, இருநூற்றைம்பது என்பதையும் மறக்க வேண்டாம்.

வரிஉதவி, 2024 நவம்பர் 11

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தன்னார்வலராக வரிப் படிவங்கள் நிரப்ப உதவுகிறேன். தங்களுடன் தங்கியிருக்கும் மாணவரைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். தங்களுக்கும் இதில் ஒரு பகுதி பொருந்தும்.

முதலில் தாங்கள். வரி விதிகளின்படி குடியிருப்பவராக இருந்தால், வென்ற தொகைகள் முழுவதையும் வருமானமாகக் காட்ட வேண்டும். நிறுவனம் படிவம் அனுப்பாவிட்டாலும் கடமை தங்களுடையது. 2024ஆம் ஆண்டு விதிப்படி, தோற்ற தொகையை, வென்ற தொகையின் அளவுக்குள், கழித்துக்கொள்ளலாம். ஆனால் அரசு நிர்ணயித்த தொகையை அப்படியே கழிக்கும் நிலையான கழிவை விட்டுவிட்டு, செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்குத்தான் அந்த வசதி உண்டு. நம்மில் பெரும்பாலோர் நிலையான கழிவையே எடுக்கிறோம். ரோட் ஐலண்ட் மாநிலப் படிவத்திலோ 2011 முதல் பட்டியலிட்டுக் கழிக்கும் முறையே கிடையாது. ஓராண்டில் பல்வேறு பந்தயங்களில் 9,000 டாலர் வென்று 10,000 டாலர் தோற்றவரை எடுத்துக்கொள்வோம். அவர் பையில் ஆயிரம் டாலர் குறைந்திருக்கிறது. ஆனாலும் மாநிலம் 9,000 டாலரை வருமானமாகவே பார்க்கும். மிகக் குறைந்த விகிதமான 3.75 விழுக்காட்டில்கூட 337 டாலர் 50 சென்ட் வரி வரும். அவர் பையில் குறைந்த அந்த ஆயிரம் டாலரில் பாதிக்கு மேல் முன்பே மாநிலத்துக்குப் போயிருக்க, வென்ற பகுதிக்கு வரியும் தனியாகக் கட்டுகிறார். இந்த இடத்தில் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவர் விசாவில் இருப்பவரின் நிலை இன்னும் கடினம். முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்கு அவர் பொதுவாக வரி விதிகளின்படி வெளிநாட்டவராகவே கருதப்படுவார். அவர் வெல்லும் பந்தயத் தொகைக்கு 30 விழுக்காடு நேர் வரி. தோற்றதை ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. இந்தியாவுடனான வரி ஒப்பந்தத்திலும் இதற்கு விலக்கு இல்லை. ஒரு சனிக்கிழமை 400 டாலர் வென்று ஞாயிற்றுக்கிழமை 400 டாலர் தோற்றால், அவர் 120 டாலர் வரி கட்ட வேண்டியவர். போன ஆண்டு என்னிடம் வந்த ஒரு மாணவர், தன் கணக்கில் மீதம் ஆறு டாலர்தான் இருக்கிறது என்று கைப்பேசியை நீட்டினார். வென்ற பந்தயங்களை மட்டும் கூட்டியபோது வந்த தொகை, அவருடைய இரண்டு மாத வாடகையைவிட அதிகம்.

வயதையும் கவனிக்க வேண்டும். ரோட் ஐலண்டில் விளையாட்டுப் பந்தயத்துக்கு 18 வயது போதும். மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் 21. இங்குள்ள கல்லூரி அணிகளின் ஆட்டங்களில் ரோட் ஐலண்ட் செயலியில் யாரும் கட்ட முடியாது. எக்காரணம் கொண்டும் தங்கள் கணக்கை அவருக்குக் கடன் கொடுக்க வேண்டாம். விதிமீறல் என்பது ஒருபுறம், அவர் வெல்வதெல்லாம் தங்கள் வருமானமாகவே பதிவாகும். குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதச் சூதாட்டத்தையே முதன்மை வருமானமாகக் கொண்டவர்களை நன்னடத்தை இல்லாதவர்களாகக் கருதுகிறது. உரிமம் பெற்ற இடத்தில் கட்டுவது அந்தப் பிரிவில் வராது. ஆனால் அதையே பிழைப்பாக்க நினைக்கும் மாணவர் முதலில் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்க வேண்டும்.

ரயில்பயணி, 2024 நவம்பர் 12

இரண்டு இரவுகள் உட்கார்ந்து கணக்கைப் பிரித்தேன். செப்டம்பர் முதல் 61 பந்தயங்கள். அவற்றில் 23 தனிப் பந்தயங்கள், 38 கூட்டுப் பந்தயங்கள். தனிப் பந்தயங்களில் கட்டியது 400, திரும்பியது 372. கூட்டுப் பந்தயங்களில் கட்டியது 470, திரும்பியது 283. ஆக, 215 டாலர் போயிருக்கிறது. வரவும் செலவும் சமம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன், அது தவறு. வென்ற இரவுகள் மட்டும் நினைவில் நின்றிருக்கின்றன. கூட்டுப் பந்தயத்தை இன்றோடு நிறுத்திவிட்டேன். மாசசூசெட்ஸில் கணக்குத் தொடங்கவில்லை. உடன் தங்கியிருக்கும் தம்பியிடம் 30 விழுக்காட்டுக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் செயலியை நிறுவவே இல்லை.

அக்கா, தங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

கிரான்ஸ்டன்அக்கா, 2024 நவம்பர் 12

கேட்டதற்கு நன்றி, தம்பி. கடன் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது, மாதந்தோறும் கட்டி வருகிறான். கால்பந்துப் பருவம்தான் அவனுக்குக் கடினமான காலம் என்பதால், செப்டம்பரிலிருந்து சனிக்கிழமை இரவே எங்கள் வீட்டுக்கு வந்து கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிடுகிறான். திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகும்போது வாங்கிக்கொள்கிறான். நான் கேட்டதில்லை, அவனே தொடங்கிய வழக்கம் இது. தஞ்சாவூரிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை அழைக்கும் அழைப்பு இப்போது என் எண்ணுக்கு வருகிறது.